கண் தாவும், காது தாவாது

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, என் அணித் தோழர்களே, தூறலையும் பொருட்படுத்தாமல் குடையோடு வந்து உட்கார்ந்திருக்கும் மன்னார்குடி வாசகர் வட்டத்து அன்பர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

நாவலின் முழுச் சுவை கிடைப்பது வாசிப்பதிலா, கேட்பதிலா? இதுதான் இன்றைய தலைப்பு. நூலக வார விழாவில், நாலு பக்கமும் புத்தக அலமாரி நிற்கிற கூடத்தில், கேட்பதில்தான் என்று பேச எழுந்திருக்கிறேன். புத்தகமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இந்த நூலகத்தில் எனக்கும் உறுப்பினர் அட்டை உண்டு. கவிதையைக் கண்ணால் படியுங்கள், கட்டுரையைப் பென்சிலோடு படியுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் நாவல் என்று வந்துவிட்டால் காதுதான் அதற்கு நல்ல வாசல் என்பது என் கட்சி.

எனக்கு முன்னால் பேசிய ஐயா, ஒலிநூல் என்பது கைப்பேசிக் கம்பெனிக்காரர்கள் நேற்றுக் கொண்டுவந்த பழக்கம், சோம்பேறிகளின் வாசிப்பு என்றார். ஐயா, இந்தப் பழக்கத்துக்கு வயசு அதிகம். தமிழின் முதல் நாவல் பிரதாப முதலியார் சரித்திரம். எழுதியவர் நம்ம மாயவரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை. அது அச்சில் வந்தது 1879-இல். அந்தக் காலத்தில் ஒரு தெருவில் எழுத்துத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அப்புறம் 1950-லிருந்து 1954 வரைக்கும் கல்கி பத்திரிகையில் பொன்னியின் செல்வன் வாராவாரம் வந்தது. இங்கே முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பத்திரிகை வீட்டுக்கு வந்ததும் ஒருத்தர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் வந்தியத்தேவனைத் தெரியும். நம் வீடுகளுக்குள் நாவல் காது வழியாகத்தான் வந்தது. தனித்தனியாக ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து மௌனமாகப் படித்தது அதற்குப் பிறகு வந்த பழக்கம்.

சோம்பேறித்தனம் என்ற சொல்லை மட்டும் ஐயா திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பிரிட்டனில் 1935-இல் முதல் பேசும் புத்தகங்களை இசைத்தட்டில் பதிந்து அனுப்பியபோது, அது யாருக்காக? பார்வை இழந்தவர்களுக்காக. முதல் உலகப் போரில் கண்ணை இழந்து திரும்பிய சிப்பாய்கள் அதில் இருந்தார்கள். முதலில் போன புத்தகங்களில் ஒன்று பாடப் புத்தகம்கூட இல்லை, அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல். கண் போனவனுக்கும் கதை வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். பார்வையற்றோருக்கு நூல்கள் தடையில்லாமல் கிடைக்க வேண்டும் என்று 2013-இல் மராகேஷில் ஓர் உலக உடன்படிக்கை உருவானது. 2014-இல் அதற்கு முதலில் ஒப்புதல் தந்த நாடு நம் இந்தியா. இவ்வளவு பேர் பட்ட பாட்டைச் சோம்பல் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடக் கூடாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் வாதம் ஒன்றே ஒன்றுதான். கண் தாவும், காது தாவாது.

நாவல் படிக்கிற எல்லாரும் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். ஆறு பக்கத்துக்கு வர்ணனை வந்தால் கண் என்ன செய்கிறது? அடுத்த உரையாடல் எங்கே என்று தேடிக் கீழே இறங்கிவிடுகிறது. பாட்டு வந்தால் சரேலென்று தாண்டுகிறது. கதாநாயகி பெயர் அடுத்த பக்கத்தில் கண்ணில் பட்டுவிட்டால், இந்தப் பக்கம் அவ்வளவுதான். இது யாருடைய குற்றமும் இல்லை, கண்ணின் சுபாவம் அப்படி. பார்க்கிற உறுப்புக்கு முன்னால் இருப்பது எல்லாம் ஒரே நேரத்தில் தெரிகிறது. காதுக்கு அந்த வசதி கிடையாது. சொல் ஒவ்வொன்றாகத்தான் வரும். எழுதியவர் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நம்மை நிறுத்திவைக்க நினைத்தாரோ, அவ்வளவு நேரம் நின்றே ஆக வேண்டும்.

நான் தினமும் கும்பகோணத்திலிருந்து மன்னார்குடிக்கு வேலைக்கு வருகிறவள். வலங்கைமான், நீடாமங்கலம் வழி. நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். அந்தக் கேட்டில் பஸ் நின்றபோதுதான் தி. ஜானகிராமனின் மோகமுள் நாவலை நான் முழுசாகக் கண்டுகொண்டேன். கல்லூரிக் காலத்தில் புத்தகமாகப் படித்தது உண்டு. அப்போது பாபு, யமுனா, பாபு, யமுனா என்றுதான் கதை ஓடியது. அடுத்து யமுனா எங்கே வருகிறாள் என்று தேடித் தேடிப் படித்த வயசு. ரங்கண்ணாவிடம் பாபு பாட்டுக் கற்றுக்கொள்கிற பகுதிகள் ஏதோ வழியில் வந்துபோன ஊர்கள் போலத்தான் நினைவில் இருந்தன.

ஒலியில் கேட்டபோது அந்த ஊர்களில் எல்லாம் இறங்கி நின்றேன். மராட்டியப் பாடகர்கள் ரங்கண்ணா வீட்டுக்கு வந்து பாடுகிற இடம் இருக்கிறதே, அந்தக் குரலைக் கேட்டு பாபு ஆடிப்போகிற இடம், அது ஓடிக்கொண்டிருந்தபோது கேட் போட்டிருந்தார்கள். சரக்கு ரயில் ஒன்று முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸில் எல்லாரும் கேட்டைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கேட் திறக்கவே கூடாது என்று இருந்தது. ஒரு குரல் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றி ஜானகிராமன் இவ்வளவு எழுதியிருக்கிறார், அதை ஒரு குரல் வழியாகக் கேட்கிறோம். பாபு எதற்காக ஏங்குகிறான் என்று அன்றைக்குத்தான் உடம்பில் உறைத்தது. யமுனா மட்டும் இல்லை அவன் ஏக்கம். அந்தச் சங்கீதப் பக்கங்களைத் தாண்டிவிட்டால் மோகமுள் பாதி நாவல்தான்.

ஜானகிராமன் இந்த மன்னார்குடிக்குப் பக்கத்துத் தேவங்குடியில் பிறந்தவர். அகில இந்திய வானொலியில் கல்வி ஒலிபரப்பில் வேலை பார்த்தவர். பேச்சை எழுத்தாக்குவதில் அவருக்கு இணை அவர்தான். அவருடைய பாத்திரங்கள் பாதி வாக்கியத்தில் நிறுத்துவார்கள், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேறொன்று கேட்பார்கள். அச்சில் அது மூன்று புள்ளி. காதில் அது ஒரு மூச்சு. நாவல் முடியப்போகிற இடத்தில் யமுனா பாபுவிடம் பேசுகிற சின்னச் சின்ன வார்த்தைகள் இருக்கின்றன. நான் கேட்ட பதிவில் படித்தவர் அந்த இடத்தில் நடிக்கவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை, சும்மா படித்தார். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டார். அந்த இடைவெளியில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கண்ணால் படிக்கும்போது அந்த இடைவெளியை யார் எனக்குத் தருவார்கள்?

சாயாவனமும் அப்படித்தான். சா. கந்தசாமி மாயவரத்துக்காரர். ஆலை கட்டுவதற்காக ஒரு வனத்தையே அழிக்கிற கதை. திருப்பம், மர்மம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கொடிகளை அறுக்கிறார்கள், மூங்கிலை வெட்டுகிறார்கள், தீ வைக்கிறார்கள், மறுபடி வெட்டுகிறார்கள். புத்தகமாக எடுத்தவர்கள் சிலர் பாதியில் வைத்துவிட்டேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். காதால் கேட்டுப் பாருங்கள். ஒரு காட்டை அழிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும், எத்தனை உயிர் அதில் போகும் என்பதை அந்த நேரத்தோடு சேர்த்தே அனுபவிக்க வேண்டியிருக்கிறது. போதும், நிறுத்துங்கள் என்று சொல்லத் தோன்றியது எனக்கு. அலுப்பு என்று நினைத்துக் கண் தாண்டிப் போகிற பக்கங்களில்தான் அந்த நாவலின் உயிர் இருக்கிறது.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மா ஒரு நல்ல கேள்வி கேட்டார்கள். கேட்டால் கற்பனை செத்துப்போகாதா, பொன்னியின் செல்வனில் வருகிற நந்தினி எப்படிப் பேசுவாள் என்பதை யாரோ ஒரு நடிகை முடிவு செய்துவிட்டால் என் நந்தினி எங்கே போவாள் என்று கேட்டார்கள். இதற்கு என் மாமியாரைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும்.

அத்தைக்குச் சொந்த ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம், கடைமடை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பார், இப்போது சர்க்கரை நோயில் அந்தப் பார்வையும் மங்கிவிட்டது. பாம்பே கண்ணன் பல குரல் கலைஞர்களை வைத்துத் தயாரித்த பொன்னியின் செல்வனைக் கைப்பேசியில் போட்டுத் திண்ணையில் அவர் பக்கத்தில் வைத்தேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்க ஆரம்பித்தார். முதல் அத்தியாயம், ஆடிப் பதினெட்டு. வந்தியத்தேவன் குதிரையில் வீரநாராயண ஏரிக்கரை மேல் வருகிறான். எழுபத்து நாலு கணவாய் வழியாக, அதாவது மதகு வழியாக, தண்ணீர் பாய்கிறது. அத்தை கையை நிறுத்திவிட்டார்.

"நிறுத்து, நிறுத்து. எத்தனைன்னு சொன்னான்?"

"எழுபத்து நாலு அத்தை."

"எழுபத்து நாலுலயும் தண்ணி போவுதாமா?"

ஆமாம் என்றேன். பாசனத்துக்கு மேட்டூர் அணையை வழக்கம்போல ஜூன் 12-இல் திறக்காத வருஷம் அது. ஆடி பிறந்தும் எங்கள் வாய்க்காலில் மண்தான் தெரிந்தது. அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "மறுபடி முதல்லேருந்து போடு" என்றார். அந்தத் தண்ணீர் வருகிற இடத்தை அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். சோழ நாட்டுச் சரித்திரம், வீர சாகசம் என்று நாம் எல்லாம் படித்த நாவலின் முதல் அத்தியாயம் தண்ணீரைப் பற்றியது என்பது அத்தையால்தான் எனக்கு விளங்கியது. படித்த நான் ஏரியைத் தாண்டிக் குதிரையோடு ஓடியிருந்தேன். படிக்காத அவர் கரையிலேயே நின்றார்.

இப்போது நந்தினிக்கு வருகிறேன். அத்தைக்கு நந்தினியைக் கண்டால் பயம். அவள் குரல் வந்தாலே, "வந்துட்டா" என்று சொல்லிக் கீரைத் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். போகப் போக அந்தப் பயம் மாறியது. ஒரு நாள், "இவளை இப்படி ஆக்குனது யாரு, அதைக் கேளு" என்று எனக்கே பாடம் நடத்தினார். நந்தினி எப்படி இருப்பாள் அத்தை என்று கேட்டேன். மாநிறம், நெற்றி சின்னது, அவர் பிறந்த ஊரில் பண்ணை வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண்ணின் சாயல் என்றார். என் மனசில் இருக்கிற நந்தினி வேறு. இத்தனைக்கும் இரண்டு பேரும் கேட்டது ஒரே நடிகையின் குரல்தான். அம்மா, குரல் குரலை மட்டும்தான் தருகிறது. முகத்தை, கண்ணை, உட்காரும் தோரணையை, அவள் இருக்கும் அறையின் வெளிச்சத்தை நாம்தான் உண்டாக்க வேண்டும். படம் பார்த்தால் அந்த முகம் போய்விடும், ஒப்புக்கொள்கிறேன். கேட்டால் போகாது.

பூங்குழலி கோடிக்கரையில் பாடுகிற பாட்டையும் சொல்ல வேண்டும். புத்தகத்தில் அந்த வரிகளை நின்று ராகம் போட்டுப் படித்தவர்கள் கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். இரண்டு மூன்று கைதான் தெரிகிறது. பாட்டைப் பாட்டாகக் கேட்டால்தான் அந்தப் பெண்ணின் தனிமை தெரியும். கல்கி நம்ம புத்தமங்கலத்தில் பிறந்தவர். கதைக்கு நடுவில் பாட்டை அவர் வீணாக வைக்கவில்லை.

கை வேலை செய்துகொண்டே கேட்டால் கவனம் சிதறும் என்றார்கள். நடவு வயலில் குனிந்து நின்று பாட்டுப் பாடிய பெண்களின் பேத்திகளிடம் வந்து இதைச் சொல்கிறீர்கள். கை ஒன்றில் பழகிவிட்டால் மனசு சும்மாதான் இருக்கும், அந்த மனசுக்குத்தான் கதை வேண்டும். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? திரும்பப் பார்க்க முடியாது என்றார்கள். பின்னால் தள்ளப் பொத்தான் இருக்கிறது, அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை. வள்ளுவரின் கல்வி அதிகாரத்தைக் காட்டினார்கள். கல்வி நாற்பதாவது அதிகாரம், அடுத்தது கல்லாமை, அதற்கு அடுத்தது கேள்வி. கல்லாமையைச் சொன்ன கையோடு வள்ளுவர் காதைத்தான் காட்டுகிறார் என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

இன்னொன்று. எதிரணித் தலைவர் ஐயா வாசிப்பின் இன்பத்தை நிரூபிக்க ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ நாவலிலிருந்து காவிரிக்கரைப் பகுதி ஒன்றைப் புத்தகத்தைப் பிரித்துப் படித்துக் காட்டினார். நடுவர் அவர்களே, அப்போது இந்தக் கூடம் எப்படி இருந்தது என்று நீங்களே பார்த்தீர்கள். மின்விசிறிச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. ஐயா வாசித்தார், நாங்கள் இவ்வளவு பேரும் கேட்டோம். அவ்வளவு அழகாக வாசித்தார். அந்தக் கைதட்டல் வாசித்த குரலுக்கு.

எல்லா நாவலையும் ஒரே மாதிரி படித்துவிட முடியாது என்பதும் கேட்கக் கேட்கத்தான் தெரிகிறது. கல்கிக்குப் பல குரல் பொருந்துகிறது. ஆழ்வார்க்கடியான் நடுத்தெருவில் நின்று சைவரோடும் அத்வைதியோடும் சண்டை போடுகிற இடம் இந்தப் பட்டிமன்றத்தைவிடக் கலகலப்பானது, அதை ஒரே ஆள் படித்தால் சோபிக்காது. ஜானகிராமனுக்கு ஒற்றைக் குரல் போதும். எம்.வி. வெங்கட்ராமின் காதுகள் நாவலுக்கு என்ன குரல் வேண்டும் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கும்பகோணத்து எழுத்தாளர், 1993-இல் சாகித்திய அகாதமி பரிசு வாங்கிய நாவல். மகாலிங்கம் என்கிற மனிதனின் காதுக்குள் ஓயாமல் குரல்கள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன, அவன் தூங்க முடியாமல், எழுத முடியாமல், பிழைப்பு நடத்த முடியாமல் தவிக்கிறான். பார்வையற்ற நண்பர் ஒருவருக்காக ஒரு கல்லூரி மாணவி அதைத் தன் கைப்பேசியில் படித்துப் பதிந்து தந்தாள். அவர் சொல்லி நானும் கேட்டேன். இரவு விளக்கை அணைத்துவிட்டு, காதில் மாட்டிக்கொண்டு. அந்தக் குரல்கள் மகாலிங்கத்தை ஏசுகிற இடத்தில் இரண்டு காதிலிருந்தும் பிடுங்கிப் போட்டுவிட்டேன். அறை அமைதியாகிவிட்டது. அப்போதுதான் நினைத்தேன், நான் கழற்றிவிட்டேன், அவனால் கழற்ற முடியாதே என்று. விளக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். எந்தப் புத்தகமும் என் உடம்புக்குள் இவ்வளவு தூரம் வந்தது கிடையாது. அந்த நண்பரிடம் சொன்னபோது, "எனக்கு எல்லாப் புத்தகமும் அப்படித்தான் வரும் அக்கா" என்றார்.

நான் எல்லா ஒலிநூலுக்கும் வக்காலத்து வாங்கவில்லை. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட விடுகிறவர்களுக்காக நான் வாதாட மாட்டேன், அது காதையும் கண்ணாக்கிவிடுகிற வேலை. சாவுச் செய்திக்கு வீணையையும் மழைக்கு இடிச் சத்தத்தையும் சேர்க்கிறார்களே, அதுவும் வேண்டாம். அதைவிட முக்கியம், படிக்கிறவர் அந்த மண்ணின் பேச்சு தெரிந்தவராக இருக்க வேண்டும். தஞ்சை ப்ரகாஷின் கரமுண்டார் வூடு நாவலை இந்தப் பக்கத்துப் பேச்சே அறியாத ஒருவர் படித்தால் அந்த வீட்டு மனுஷர்கள் எல்லாரும் செய்தி வாசிக்கிறவர்கள் ஆகிவிடுவார்கள். ழகரம் வராத குரலில் பழையாறையைக் கேட்கும்போது எனக்கும் கோபம் வருகிறது. இந்தக் குறைகளைச் சொல்லி ஒலிநூலே வேண்டாம் என்கிறது எதிரணி. நல்ல குரல் வேண்டும் என்கிறோம் நாங்கள்.

அந்தக் குரல்கள் இந்தக் கூடத்திலேயே இருக்கின்றன. அதனால் வாசகர் வட்டத்துக்கு ஒரு கோரிக்கை வைத்துவிட்டு அமர்கிறேன். வேதநாயகம் பிள்ளை காலமானது 1889. அவர் நூலை யாரும் அனுமதி கேட்காமல் படித்துப் பதியலாம். மாதம் ஒரு ஞாயிறு, நூலகம் மூடியிருக்கும் நேரத்தில் ஓர் அறையும், ஒரு நல்ல ஒலிவாங்கியும் கிடைத்தால் போதும். பிரதாப முதலியார் சரித்திரத்தை நம் ஊர்க் குரல்களில் பதிந்து, பார்வையற்ற மாணவர்களுக்கும் என் அத்தையைப் போன்றவர்களுக்கும் இலவசமாகக் கொடுக்கலாம். முதல் அத்தியாயத்தை எதிரணித் தலைவர் ஐயாதான் படிக்க வேண்டும். தீர்ப்பு எந்தப் பக்கம் வந்தாலும் நீங்கள் மாட்டேன் என்று சொல்லக் கூடாது ஐயா.

நன்றி, வணக்கம்.